பூனை கீறிய சோபாத் துணியை ஊசி நூலால் செப்பனிட முடியுமா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் உள்ள சோபாவின் இரண்டு கைகளையும் பூனை கீறிப் பாழாக்கிவிட்டது. துணி சாம்பல் நிறம். தடித்த இழைகளால் சற்றுத் தளர்வாக நெய்யப்பட்டது. பெரும்பகுதி பாலியெஸ்டர் என்று வாங்கும்போதே கடையில் சொன்னார்கள். சேதம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. இடது கையின் வெளிப்புறத்தில் இழைகள் அறுபடாமல் சுருள் சுருளாக வெளியே தொங்குகின்றன. அதே கையின் முன் மூலையில் இழைகள் அறுந்து, ஏறக்குறைய 2 செ.மீ. அகலத்துக்கு உள்ளிருக்கும் ஃபோம் தெரிகிறது. வலது கையின் மேற்பரப்பில் ஓட்டை ஏதும் இல்லை. ஆனால் துணி நைந்து, பஞ்சு பஞ்சாகப் பூத்துக் கிடக்கிறது.

குஷன் வேலை செய்பவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். இதே துணி இப்போது கிடைக்காது, கைகளுக்கு மட்டும் வேறு துணி போட்டால் நிறம் ஒட்டாது, ஆகவே சோபா முழுவதற்கும் புதுத் துணி போடுவதே வழி என்று சொல்லிவிட்டார். அவ்வளவு செலவு செய்து, அதையும் பூனை கீறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லை. எனக்குக் கை எம்பிராய்டரியும் குரோஷாவும் தெரியும். ஆரி வேலையும் கற்றிருக்கிறேன். வீட்டிலேயே, சோபாவைக் கழற்றாமல், கைவேலையால் இதைச் சரிசெய்ய முடியுமா? செப்பனிட்ட இடம் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை, அசிங்கமாக இல்லாமல் இருந்தால் போதும். கம்பளி இழையை ஊசியால் குத்திக் குத்தி ஓட்டையை நிரப்பும் காணொளிகளையும் பார்த்தேன். அது நிலைத்து நிற்குமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாவும்ஊடையும் எழுதியது:

வணக்கம். முடியும். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று சேதங்களும் மூன்று வேறு வேலைகள் என்பதால், ஒரே உத்தியை எல்லாவற்றுக்கும் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

முதலில், தொங்கும் சுருள்களைத் தயவுசெய்து கத்தரிக்க வேண்டாம். நெய்த துணியில் ஊடையிழை, அதாவது குறுக்கே ஓடும் இழை, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே ஓட்டமாகச் செல்கிறது. நகம் மாட்டி இழுக்கும்போது இருபுறமும் உள்ள இழையிலிருந்துதான் அந்தச் சுருளுக்கான நீளம் வருகிறது. சுருளின் இரு பக்கமும் துணி சற்றே இறுகிக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்தாலே இது விளங்கும். கத்தரித்துவிட்டால் அந்த நீளம் போனது போனதுதான். அறுந்த முனைகள் உள்ளே வாங்கிக்கொண்டு, இன்று சுருளாக இருப்பது நாளை ஓட்டையாகும். முனை மழுங்கிய, காது பெரிதான கம்பளி ஊசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுருளுக்கு அடுத்து அதே இழை பாவுக்கு (நீளவாக்கில் ஓடும் இழைக்கு) மேலே வரும் இடத்தில் ஊசியைக் கொடுத்து மெல்லத் தூக்கினால் சுருள் சிறிது குறைந்து, நீளம் அங்கே நகரும். பிறகு அதற்கடுத்த இடம், அதற்கடுத்த இடம் என்று, இறுகிய கோடு முடியும் வரை கொண்டுபோங்கள். இருபுறமும் இப்படிப் பகிர்ந்துவிட்டால் பெரும்பாலான சுருள்கள் தடமே இல்லாமல் மறைந்துவிடும். மிச்சமாக ஒரு சிறு முடிச்சளவு நின்றால் அதை மட்டும் ஊசி முனையால் துணிக்குள் தள்ளிவிடலாம். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆயினும் உங்கள் மூன்று சேதங்களில் முழுமையாகச் சரியாகக்கூடியது இது ஒன்றுதான்.

முன் மூலையில் உள்ள ஓட்டைக்கு டார்னிங் செய்ய வேண்டும். அதாவது, அறுந்துபோன பாவையும் ஊடையையும் ஊசியால் மறுபடி நெய்வது. சட்டையில் செய்யும்போது துணியின் பின்பக்கம் நம் கைக்கு எட்டும், சோபாவில் எட்டாது. எனவே அரைவட்டமாக வளைந்த ஊசி வேண்டும். நேர் ஊசியால் துணிக்குள் போய்த் திரும்பி வெளியே வருவது பெரும்பாடு. ஓட்டையை விட எல்லாப் பக்கமும் 2 அல்லது 3 செ.மீ. பெரிதாக ஒரு காடாத்துணித் துண்டை வெட்டி, ஓட்டை வழியாக மடித்து உள்ளே நுழைத்து, மழுங்கிய கத்தியாலோ இடுக்கியாலோ துணிக்கும் ஃபோமுக்கும் நடுவே சுருக்கமின்றி விரித்துவிடுங்கள். ஓட்டையின் விளிம்பைச் சுற்றி மிகச் சிறிய தையல்களால் மேல் துணியை அந்தத் துண்டோடு பிடித்துக்கொண்ட பிறகே நெய்யத் தொடங்க வேண்டும். துணிப் பசை வைத்து ஒட்டும் எண்ணமிருந்தால் துண்டின் வெளி விளிம்பில் மட்டும் வையுங்கள். ஊசி போகவேண்டிய இடத்தில் பசை இறுகிவிட்டால் ஊசி முறியும்.

பாவு இழைகளை ஓட்டையின் விளிம்பிலிருந்து தொடங்காமல், குறைந்தது 1 செ.மீ. தள்ளி, துணி உறுதியாக இருக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். விளிம்பில் உள்ள இழைகள் ஏற்கெனவே நைந்தவை. அவற்றை நம்பித் தைத்தால் அடுத்த கீறலில் செப்பனிட்ட பகுதி முழுதாகப் பெயர்ந்து வரும். பிறகு குறுக்கே ஊடையை ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்து, ஒவ்வொரு வரிசையையும் ஊசியால் முந்தைய வரிசையோடு நெருக்கித் தள்ளுங்கள். நூலின் பருமன் சோபா இழையின் பருமனுக்கு நெருக்கமாக இருக்கட்டும். இழுத்து இறுக்கினால் மூலை சுருங்கி, வேலை முழுவதும் காட்டிக்கொடுத்துவிடும்.

வலது கையில் பூத்திருக்கும் பஞ்சைத் துணியின் மட்டத்துக்கு நுனிக் கத்தரியால் வெட்டிவிடலாம். சுருள் வேறு, பஞ்சு வேறு என்பதை மட்டும் பார்த்துச் செய்யுங்கள். துணியில் பூத்த பஞ்சை மழிக்கும் மின்கருவியை அங்கே ஓட்ட வேண்டாம், ஏற்கெனவே மெலிந்த துணியை அது இன்னும் மெலியவைக்கும். அதற்குப் பிறகு அந்தப் பகுதி முழுவதும் அதே நிற நூலால் நெருக்கமாக நூலோட்டம் (ஊசியை மேலும் கீழுமாக விட்டெடுக்கும் எளிய தையல்) போட்டால் துணி வலுப்பெறும்.

கம்பளிக்கூடு எழுதியது:

மேலே சொன்னவை சரியே. ஆனால் ஊசியால் குத்தி நிரப்பும் ஃபெல்ட்டிங் முறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அதைப் பல ஆண்டுகளாகப் பொம்மைகளுக்கும் கம்பளிச் சட்டைகளுக்கும் செய்துவருவதால் சொல்கிறேன். அந்த ஊசியின் தண்டில் கீழ்நோக்கிய சிறு சிறு வெட்டுகள் இருக்கும். குத்தும்போது அவை நூற்காத கம்பளி இழைகளைத் தம்மோடு உள்ளே இழுத்துச்சென்று, அடித்துணியின் இழைகளோடு சிக்கவைக்கும். திரும்பி வரும்போது எதையும் வெளியே இழுக்காது. கம்பளி முடியின் மேல் நுண்ணிய செதில்கள் இருப்பதால் ஒருமுறை சிக்கியது எளிதில் விடுபடாது. ஊசிகளுக்கு எண் உண்டு; 36 பருமன், 38 பொது வேலைக்கு, 40 மெல்லியது. எண் கூடக்கூட ஊசி மெலியும். சோபாவின் உள்ளே ஃபோம் இருப்பதும் வசதிதான். மேசையில் இந்த வேலையைச் செய்யும்போது அடியில் நாங்களே ஃபோம் வைத்துக்கொண்டுதான் குத்துகிறோம். நிறங்களை இழையிழையாகக் கலந்து சோபாவின் சாம்பல் நிறத்தை அப்படியே கொண்டுவர முடிவது இந்த முறையில் மட்டும்தான். உங்கள் வலது கையின் நைந்த பகுதிக்கு முயன்று பாருங்கள் என்பேன்.

பட்டறைக்காரர் எழுதியது:

குஷன் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஃபெல்ட்டிங் பற்றி எழுதிய நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கம்பளித் துணி போர்த்திய நாற்காலிக்கு அது நல்ல வழி. ஆனால் இவருடைய சோபாத் துணி பாலியெஸ்டர். அதன் இழை வழவழப்பானது. கம்பளி அதன் நெசவுக்குள் போய்ச் செருகிக்கொள்ளுமே தவிர, அதைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளாது. அமர்ந்து எழும் இடத்தில் சில வாரங்களில் உருண்டு வந்துவிடும். பூனைக்கும் அதைப் பிய்ப்பது விளையாட்டாகிவிடும். இன்னொன்று, சோபாவின் கை மேற்பகுதியில் ஃபோம் மிக மெல்லியதாகவே இருக்கும். பல சோபாக்களில் 1 செ.மீ. அளவுதான் இருக்கும், அதற்குக் கீழே பலகை. ஃபெல்ட்டிங் ஊசி எளிதில் முறியும் தன்மை உடையது. பலகையில் மோதி முனை ஒடிந்து ஃபோமுக்குள் தங்கிவிட்டால், அதன்மேல் கைவைத்து அமர்பவர் கதி என்ன? கையால் அழுத்திப் பார்த்து ஆழம் தெரிந்துகொள்ளாமல் அங்கே குத்தாதீர்கள்.

சோபாவைக் கழற்றாமல் என்று கேட்டிருக்கிறீர்கள். முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கருப்பு நிறத்தில் ஒரு மெல்லிய துணி ஸ்டேப்ளர் பின்களால் அடிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கப் பின்களை மட்டும் தட்டையான திருப்புளியால் நெம்பி எடுத்தால், சோபாத் துணியின் மிச்ச ஓரம் சட்டத்தின் அடியில் மடித்து அடிக்கப்பட்டிருப்பது தெரியும். உங்களுக்குத் தேவையான நூல் அங்கேதான் இருக்கிறது. அந்த ஓரத்தில், பின்னுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியிலிருந்து இழைகளை உருவி எடுத்து அதையே டார்னிங்குக்குப் பயன்படுத்துங்கள். கடையில் எவ்வளவு தேடினாலும் அதே நிறமும் அதே முறுக்கும் கிடைக்காது. உத்தரப் பிரதேசத்து நஜீபாபாத் ரஃபூ வேலைக்காரர்கள் விலையுயர்ந்த காஷ்மீர் சால்வைகளைச் செப்பனிடும்போதும், முடிந்தால் அந்தச் சால்வையிலிருந்தே இழை எடுப்பார்கள். வெயில் படாத ஓரம் என்பதால் நிறம் சற்று அழுத்தமாக இருக்கலாம். அது பெரிய குறையாகத் தெரியாது.

சுருள் தொங்குவதாகச் சொன்ன வெளிப்புறப் பக்கத்தில் பெரும்பாலும் ஃபோமே இருக்காது; சட்டத்தின் மேல் அட்டையோ வெறும் துணியோதான் இழுத்து அடிக்கப்பட்டிருக்கும். கீழ் ஓரப் பின்களை எடுத்துவிட்டால் துணியின் பின்பக்கத்துக்கே உங்கள் கை எட்டும். அப்போது வளைந்த ஊசிகூட வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் துணியை முன்பிருந்த அதே இழுவையில் பிடித்து ஸ்டேப்ளர் கன் கொண்டு அடித்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: உங்கள் சோபா ரெக்சின் என்றால் ஊசியைத் தொடவே வேண்டாம். நெய்த துணியில் ஊசி இழைகளுக்கு இடையே புகுந்து செல்லும். ரெக்சினில் ஒவ்வொரு குத்தும் நிரந்தரத் துளை. வரிசையாகத் தைத்தால் தபால்தலைத் தாள்போல் அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். அதற்குப் பின்னால் துணி கொடுத்து ஒட்டுவதுதான் முறை.

நொய்யல்கரை எழுதியது:

மிக்க நன்றி. பட்டறைக்காரர் ஐயா சொன்னபடி கவிழ்த்துப் பார்த்தேன்; அடியில் நான்கு விரல் அகலத்துக்குத் துணி மிச்சம் இருக்கிறது. மூலை ஓட்டைக்கு அதிலிருந்து இழை எடுத்துக்கொள்கிறேன். வலது கை மட்டும்தான் யோசனையாக இருக்கிறது. அந்த அகலத்துக்கு ஒரே நிற நூலோட்டம் போடுவதற்குப் பதில், வேறு நிறத்தில் அழகாகவே ஏதாவது செய்துவிடலாமே என்று தோன்றுகிறது. நேரடியாக அதன்மேல் ஆரி வேலை செய்யலாமா?

பாவும்ஊடையும் எழுதியது:

ஆரி வேண்டாம். உங்களுக்கே தெரிந்ததுதான்: ஆரிக்குத் துணியைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்ட வேண்டும், அடியில் நூல் பிடிக்க மற்றொரு கை வேண்டும். சோபாவின் மேல் இரண்டுமே இயலாது. அதைவிட முக்கியமான காரணம், ஆரி ஒரு சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியால் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கிறது. கடைசி முடிச்சை நகம் பெயர்த்துவிட்டால், ஒரே இழுப்பில் ஒரு வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வரும்.

பூனை உள்ள வீட்டில் எந்தத் தையலைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று: அதில் நகம் நுழையக் கூடாது. நீளமாகத் துணிமேல் கிடக்கும் சாட்டின் தையல், மேடாக நிற்கும் பிரெஞ்சு முடிச்சு, குரோஷா பூ வைத்துத் தைப்பது ஆகியவை அனைத்தும் நகத்துக்கு வாகான கொக்கிகள். இவற்றைச் சோபா கையில் வைப்பது இன்னொருமுறை கீறச் சொல்லிப் பூனைக்கு அழைப்பு விடுப்பதாகும். எந்தத் தையலானாலும் மேலே தெரியும் நீளம் 3 அல்லது 4 மி.மீ.க்கு மேல் போகாமல், தட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் தேறும் அலங்காரத் தையல்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானியரின் சாஷிகோ அவற்றுள் ஒன்று. நைந்த துணிகளை அடுக்கி வலுப்படுத்துவதற்காகவே வளர்ந்த நூலோட்ட முறை அது. நீலத் துணியில் வெள்ளை நூலாகப் பார்த்திருப்பீர்கள். வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டத்தால் பிணைப்பதுதான். இரண்டிலும் தையல் குறுகியது, துணியோடு படிந்து கிடப்பது. ஆனால் உங்கள் சோபாத் துணியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது நம் நீலகிரித் தோடர்களின் பூத்தையல். தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில், கோடு எதுவும் வரையாமல், சட்டமும் இல்லாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு, கருப்பு நூல்களை ஓட்டுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அடிப்படையில் அது டார்னிங் தையலே. நெசவோடு நெசவாக நூல் புகுந்துவிடுவதால், தைத்ததா நெய்ததா என்று பார்ப்பவர் மயங்குவார்கள். அவர்களுடைய கோலங்கள் அவர்களுக்கு உரியவை. அவற்றை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. இழைகளை எண்ணி ஓட்டும் அந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் விருப்பப்படி கட்டமோ சாய்சதுரமோ அமைத்துக்கொள்ளலாம். தளர்வான, தடித்த நெசவு என்பதால் உங்கள் துணியில் இழைகளை எண்ணுவது எளிது.

துணி மிகவும் நைந்திருந்தால் அதன்மேலேயே தைக்காமல், கெட்டியான பருத்தித் துணி ஒன்றில் இந்த வேலையைச் செய்து முடித்து, ஓரங்களை உள்ளே மடித்து, கையின் மேல் மறைதையலால் பொருத்திவிடுங்கள். அப்போது ஆரியும்கூடச் செய்யலாமே என்பீர்கள். நகத்தைப் பற்றி முன்பு சொன்னது அங்கும் பொருந்தும்.

நூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு பிரி பருத்தி எம்பிராய்டரி நூல் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் கை உரசும் இடத்தில் சீக்கிரம் தேய்ந்து பூக்கும். துணியைத் தாங்கும் வேலைக்கு பாலியெஸ்டர் நூலும், மேலே அழகுக்கு முறுக்கு மிகுந்த பருத்தி நூலும் எடுத்துக்கொண்டால் இரண்டும் கைகூடும்.

மீசைக்காரி எழுதியது:

எனக்குத் தையல் தெரியாது, பூனைகளைத் தெரியும். இந்த உரையாடலில் யாரும் சொல்லாத ஆபத்து ஒன்று இருக்கிறது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாயில் சிக்கிய நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். விழுங்கிய நூல் குடலில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் குடல் அதன்மேல் சுருக்குப்பையாகச் சுருங்கி, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசி கோத்த நூல் என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே வேலை செய்யும் நேரத்தில் பூனையை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். ஊசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். வெட்டிய நூல் துண்டுகளை உடனே மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் கையால் இழுக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இழுத்தால் குடல் அறுபடக்கூடும்.

கீறுவதை நிறுத்த முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றவும், உடலை நீட்டி முறிக்கவும், பாதத்தில் உள்ள சுரப்பிகளின் மணத்தைப் பதித்து இது தன் இடம் என்று குறிக்கவும் அது கீறுகிறது. அதனால் கீறுகட்டையை மூலையில் ஒளித்து வைக்காமல், இப்போது கீறும் அதே சோபாக் கையை ஒட்டி நிறுத்துங்கள். அதற்குப் பழகிய பிறகு சிறிது சிறிதாக நகர்த்தலாம். பூனை முன்னங்கால்களைத் தூக்கி முழுதாக நீண்டு நிற்கும் உயரம் வேண்டும், ஏறக்குறைய 80 செ.மீ. அடிப்பாகம் கனமாக இருக்கட்டும். ஒருமுறை ஆடிச் சாய்ந்துவிட்டால் பிறகு அதன் பக்கமே வராது. மரக்கட்டையில் சணல் சாக்கை இறுக்கிச் சுற்றி ஆணி அடித்தாலும் போதும். தளர்வான முரட்டு நெசவில் நகம் நன்றாக மாட்டும் என்பதால்தான் உங்கள் சோபாவையே அது தேர்ந்தெடுத்தது. சாக்கிலும் அதே சுகம் கிடைக்கும். செப்பனிட்ட கைகளின்மேல் தொடக்கத்தில் இருபக்கமும் ஒட்டும் நாடாவை ஒட்டிவையுங்கள். பாதத்தில் பிசுபிசுப்பதைப் பெரும்பாலான பூனைகள் விரும்புவதில்லை.

நொய்யல்கரை எழுதியது:

நூல் ஆபத்தைச் சொன்னதற்குத் தனியாக நன்றி. ஊசிப்பெட்டியைக் கூடத்திலிருந்தே எடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று. அதே சோபாவில் வெல்வெட் உறை போட்ட திண்டு ஒன்று இருக்கிறது. அதில் ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை. ஓரிடத்தில் மட்டும் மேல்பூ (மேலே மயிர்போல் நிற்கும் மென்மையான இழைகள்) உதிர்ந்து அடித்துணி வழுக்கையாகத் தெரிகிறது. அதற்கும் இழையோட்டுவதுதானா?

பாவும்ஊடையும் எழுதியது:

இல்லை, இழையோட்டினால் அது தட்டையான தழும்பாக நிற்கும். வெல்வெட்டின் பூ தனி இழைகளால் ஆனது. அடித்துணி உறுதியாக இருக்கும் வரை அதைக் கையாலும் நடலாம். உறையைக் கழற்றிப் பின்பக்கம் மெல்லிய துணி கொடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பிரி நூலால், ஒரு தையலைச் சிறு கண்ணியாகத் தளர்த்தி விட்டு, அடுத்ததை இறுக்கிப் பூட்டி, மீண்டும் ஒரு கண்ணி என்று வழுக்கை முழுவதும் நெருக்கமாக நிரப்புங்கள். பிறகு கண்ணிகளை எல்லாம் வெட்டித் திறந்து, சுற்றியுள்ள பூவின் உயரத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். கண்ணிகளை வெட்டாமல் விட்டால் நகம் மாட்டும். வெட்டிய பூவில் மாட்டாது. வெல்வெட்டுக்கு ஒரு சாய்வுத் திசை உண்டு. கையால் தடவிப் பார்த்து, புதிய பூவும் அதே திசையில் படியும்படி, இஸ்திரிப் பெட்டியின் ஆவியைத் துணியில் படாமல் சற்று உயரத்தில் காட்டி, மெல்லிய தூரிகையால் வாரிவிடுங்கள். முதலில் உறையின் உள் மடிப்பில் ஒரு சிறு இடத்தில் செய்து பார்த்து, நூலின் பளபளப்பு பொருந்துகிறதா என்று உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள். பருத்தி நூல் மங்கலாகத் தெரிந்தால் ரேயான் எம்பிராய்டரி நூலுக்கு மாறிக்கொள்ளலாம்.